கோஷாவும் குஸ்காவும்

திண்டுக்கல்லில் டூரிஸ்ட் ஆபீஸ் நடத்தும் ராயப்பராஜுக்குக் காது மந்தமில்லை. அடுத்தவர் பேச்சை முழுசாகக் கேட்கிற பொறுமைதான் கிடையாது. கொடைக்கானலில் பங்களா வைத்திருக்கும் கிறிஸ்துராஜ் ஃபோனில் கூப்பிட்டு, "லண்டன்ல இருந்து வாராங்க, கோஷர் ஃபேமிலி, ரெண்டு பிள்ளைங்க" என்று சொல்லி மூச்சு வாங்குவதற்குள், "கோஷா ஃபேமிலியா? நம்ம ஊரு பேகம்பூர்ல பாக்காத கோஷாவா சார், நான் பாத்துக்கறேன் விடுங்க" என்று வைத்துவிட்டார். வைத்த கையோடு வேன் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை மாட்டச் சொன்னார். பர்தாவுக்குள் இருக்கும் பெண்கள் வருகிறார்கள் என்றால் ஆண் கைடு சரிப்பட்டு வராது. ஊரில் இங்கிலீஷ் பேசுகிற பொம்பளைக் கைடு ஒருத்திதான் உண்டு. அவளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் விரட்டியடித்தவரே இந்த ராயப்பராஜ்தான்.

அவள் பெயர் பாத்திமா. மாதா பெயர். கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. "உன் பேரும் தோதா இருக்கும்மா, அவங்க ஆளுன்னே நெனச்சுக்குவாங்க" என்று ராயப்பராஜ் ஃபோனில் சிரித்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனுஷன் மறந்தே போயிருந்தார். அடித்த கை மறந்துவிடும், அடிபட்ட கன்னம் மறக்குமா?

நடந்தது இதுதான். ராஜஸ்தானிலிருந்து ஒரு ஜெயின் குடும்பம் வந்தது. வெங்காயம் பூண்டு ஆகாது என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். பாத்திமா அதை ராயப்பராஜிடம் நாலு தடவை சொன்னாள். "யாருக்குத் தெரியப்போவுது, எல்லாம் ஒரே சாம்பார்தான்" என்று அவர் பக்கத்து மெஸ்ஸிலிருந்து வாளியில் வாங்கி வைத்தார். ஆபீஸ் கூடத்தில் பாதிச் சாப்பாட்டில் அந்த வீட்டம்மாள் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். அம்புட்டுத்தான். ராயப்பராஜ் ஒரு நொடி யோசிக்கவில்லை. "இந்தப் பொம்பளதான் சார் ஆர்டர் குடுத்தது. சாப்பாட்டுல ஏமாத்துறவ. இன்னைக்கோட நிப்பாட்டிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் கத்தி, அவளை அவர்கள் காலில் விழவைத்தார். டிரைவர்கள் பார்த்தார்கள். விருந்தாளிகளைக் கூட்டிப்போக மலையிலிருந்து வந்திருந்த கிறிஸ்துராஜும் பார்த்தார். "இனி நம்ம கெஸ்ட்டுக்கு இந்தம்மா வேண்டாம்" என்று அவர் சொன்னது பாத்திமாவின் காதில் விழுந்தது. மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் பாதிப்பேர் அவர் பங்களாவில் தங்குகிறவர்கள். அவர் வேண்டாம் என்றால் ஊரில் எல்லாரும் வேண்டாம் என்பார்கள். சொன்னார்கள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பாத்திமா இரண்டு வருஷம் பொறுத்தாள். அவள் ஆண்டது சிநேகிதி கிளாராவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு மர ஸ்டூலை மட்டும்தான்.

அதனால் ராயப்பராஜ் கூப்பிட்டதும், "வாரேண்ணே" என்று தேனாகச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தவளுக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது. என்ன செய்யப்போகிறோம் என்று தெரியவில்லை. ஏதாவது செய்யாமல் திரும்பக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

காலை ஆறரைக்கு ரயில் வந்தது. இறங்கிய குடும்பத்தைப் பார்த்ததும் ராயப்பராஜ் பாத்திமாவை முழங்கையால் இடித்தார். அம்மா கால்வரை பாவாடை உடுத்தி, தலைமுடி தெரியாமல் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். அப்பா தாடி வைத்து, உச்சந்தலையில் ஒட்டினாற்போல ஒரு குட்டித் தொப்பி போட்டிருந்தார். "சொன்னேன்ல? லண்டன் பாய்" என்றார் ராயப்பராஜ், ஏதோ தானே தைத்துப் போட்ட தொப்பி மாதிரி.

பெயர்களைக் கேட்டதும் பாத்திமாவுக்குப் பொறி தட்டியது. அப்பா ஏலி. அம்மா ரூத். பத்து வயதுப் பையன் ஆசேர், ஆறு வயதுப் பெண் தாமார். சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த பைபிள் பெயர்கள் நாலும் திண்டுக்கல் பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்றன. இது பாய் குடும்பமில்லை. யூதக் குடும்பம்.

வேனில் ஏறும்போதுதான் ரூத் தலையில் கை வைத்தாள். சாப்பாட்டுப் பை ரயிலிலேயே தங்கிவிட்டது. டப்பாக்கள், ரொட்டி, அவர்களுடைய சின்னச் சட்டி எல்லாம் அதில்தான். ரயில் அந்நேரம் மதுரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஏலி பாத்திமாவிடம் நிதானமாக விளக்கினார். தாங்கள் சாப்பாட்டில் கோஷர் பார்ப்பவர்கள், அதாவது தங்கள் வேத முறை. தங்கள் முறைப்படி அறுத்த கறியைத் தவிர வேறு கறி தொடமாட்டார்கள். கறியும் பாலும் ஒரு சட்டியில் சேரவே கூடாது. ஆகாத மாமிசம் வெந்த பாத்திரத்தில் வேறு எதையும் சமைத்தால் அதுவும் ஆகாது. ராத்திரிக்குக் கிறிஸ்துராஜ் பங்களாவில் தனிச் சமையல் ஏற்பாடாகியிருக்கிறது. மதியம் ஒரு வேளைதான் சிக்கல். புதுச் சட்டி ஒன்று, அரிசி, காய், எண்ணெய் இருந்தால் போதும்.

"பெரியவர்கள் நாங்கள் பட்டினி கிடப்போம். இவர்கள் இருவருக்கும் மட்டும்" என்றார் ஏலி.

கோஷர். கோஷா. பாத்திமாவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. கறுப்புத் திரை எதற்கென்று இப்போது புரிந்தது. சிரிப்பை விழுங்கிவிட்டு, "எங்கள் முதலாளியிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் ஏற்பாடு செய்வார்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

ஏலி சொன்னார். ராயப்பராஜ் தலையைத் தலையை ஆட்டினார். "யெஸ் சார், நோ மட்டன் சார், நியூ பாத்திரம் சார், டோன்ட் வொரி." அவர்கள் வேனுக்குள் போனதும் பாத்திமாவிடம் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, கோஷாவா இருந்துக்கிட்டு கறி வேணாங்குது?"

தப்பைத் திருத்த அந்த ஒரு நொடி போதும். அண்ணே, அது கோஷா இல்லை, கோஷர். இவங்க யூதர் என்று சொன்னால் முடிந்தது. பாத்திமா சொல்லவில்லை. "பெரிய இடம் அண்ணே, நொரநாட்டியம் இருக்கத்தான் செய்யும்" என்றாள்.

ஆபீசில் இறக்கி, முகம் கழுவ வைத்து, வாழைப்பழமும் வேர்க்கடலையும் கொடுத்தார்கள். பத்து மணி வாக்கில் மலைக்கோட்டைக்குக் கிளம்பும்போது, பின்பக்கம் ராயப்பராஜ் ஃபோனில் பேசுவதைப் பாத்திமா கேட்டாள். மறுமுனையில் சேக் பரீது. பேகம்பூரில் பிரியாணி போடுகிறவர். அவர் கை மணம் ஊரறிந்தது.

"பரீது பாய், நாலு பேருக்குக் குஸ்கா எடுத்து வைங்க. பீஸு ஒண்ணு கூட உள்ள வந்துறக்கூடாது. புதுச் சட்டி குடுத்து விடுதேன், அதுல போட்டு அனுப்புங்க. ஸ்டிக்கரக் கிழிச்சுறாதீக, அவங்க பாக்கணும்."

குஸ்கா என்றால் திண்டுக்கல்லில் சின்னப்பிள்ளைக்குத் தெரியும். பிரியாணிச் சட்டியில் கறித்துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளிய வெறும் சோறு. துண்டு இல்லையே தவிர, சீரகச் சம்பா அரிசி ஒவ்வொன்றும் ஆட்டுக்கறிச் சாற்றில் வெந்தது. தயிரும் அதிலேயே. ஏலி காலையில் எதெது ஆகாது என்று விரல்விட்டு எண்ணினாரோ அத்தனையும் ஒரே சட்டியில் கூடிக் கொதித்த சோறு அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. ராயப்பராஜ் ஆட்டையே மறைக்கத் துணிந்துவிட்டார்.

பாத்திமாவுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் துலங்கிவிட்டது. அதே மனுஷன், அதே பொய், அதே சாப்பாட்டுக் கூடம். ஒரு மணிக்குக் கூட்டிப்போக வருகிறவரும் அதே கிறிஸ்துராஜ். இப்போது போய்த் தடுத்தால், "அய்யய்யோ, எனக்குத் தெரியாதும்மா, பாய் மாத்திக் குடுத்துட்டாரு" என்று வழுக்கிக்கொண்டு போய்விடுவார். விடக்கூடாது. கறி இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும், அதைக் கிறிஸ்துராஜ் காதால் கேட்க வேண்டும். அடுத்த நொடியே பரீது பாயைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட வேண்டும். நான் விழுந்த இடத்தில் அவன் விழ வேண்டும்.

தனக்குத் தானே ஒரு கட்டுப்பாடும் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் வாயில் ஒரு பருக்கை படக்கூடாது. இலையில் விழலாம், வாய்க்குப் போகக்கூடாது. அவ்வளவுதானே, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போயிற்று.

மலைக்கோட்டைப் படி ஏறும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. ஆசேர் பீரங்கி மேட்டில் ஏறிக் குதித்தான். தாமார் பாதியிலேயே பாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தவள் விடவேயில்லை. மேலே நின்று ஊரைக் காட்டியபோது, எது உன் வீடு என்று கேட்டாள். பாத்திமா கோபுரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஓட்டுக்கூரையைக் காட்டினாள். எது என் வீடு என்று அடுத்துக் கேட்டாள். "உன் வீடு லண்டன்ல இருக்குல்ல" என்று பாத்திமா தமிழிலேயே சொல்ல, அது என்னவோ பெரிய வேடிக்கை போல அந்தப் பிள்ளை சிரித்தது. பிறகு, பசிக்கிறது என்றது.

ராயப்பராஜ் போட்ட பட்டியலில் அடுத்தது பேகம்பூர்ப் பள்ளிவாசல். ஏலிக்கு அது எதற்கென்று புரியவில்லை. ஆனால் மரியாதையாக வெளியில் நின்று பார்த்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார். பதினொன்றரைக்கு வேன் கடைத்தெருவில் ஊர்ந்தபோது, ஒரு பாத்திரக் கடை வாசலில் எவர்சில்வர் சட்டிகள் அடுக்கடுக்காக மின்னின. ரூத் கையை நீட்டிக் காட்டினாள்.

"நாமே ஒன்று வாங்கிவிடலாமே? முட்டை அவித்தால் கூடப் போதும். தாமாருக்குப் பசி தாங்காது" என்றாள்.

ஒரு சட்டி, நாலு முட்டை, பாத்திமா வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு. அரை மணி நேர வேலை. அதில் எந்தக் கஷ்டமும் இல்லை.

"எதற்கு வீண் சிரமம்? அங்கே சாப்பாடு தயாராக இருக்கிறது" என்றாள் பாத்திமா. சொன்ன பிறகு நெஞ்சில் ஏதோ இடறியது. இடறினால் இடறட்டும். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு நானே சமைத்துப் போடுகிறேன், அதற்கு முன்னால் அவனை ஒரு தடவை தரையில் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம், கிளாராவின் கடையில் ஆதார் அட்டைக்கு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற இரண்டு வருஷம்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆபீஸ் கூடத்தில் இலை போட்டார்கள். நடுவில் புதுச் சட்டி, ஸ்டிக்கரோடு. ராயப்பராஜ் மூடியைத் திறந்ததும் மணம் கூடம் முழுக்கப் பரவியது. தாமார் மூக்கை உறிஞ்சினாள்.

ஏலி சட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதில் இறைச்சி ஏதும் இல்லையே?"

"நோ மீட் சார். பியூர் வெஜ். ஒன்லி ரைஸ்" என்று ராயப்பராஜ் நெஞ்சில் கை வைத்தார்.

முதல் பாதி முடிந்தது. ஆனால் கிறிஸ்துராஜ் வரவில்லை. பாத்திமா ஃபோன் போட்டாள். "வத்தலக்குண்டுல வண்டி நின்னுபோச்சு, சரி பண்ணியாச்சு, இந்தா ஊருக்குள்ள வந்துட்டேன்" என்றார். செத்த நேரம் இழுக்க வேண்டும். கை கழுவ எல்லாரையும் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். ஏலிக்குக் கை கழுவுவதிலும் ஒரு முறை இருந்தது, செம்பால் மாற்றி மாற்றி ஊற்றி. அது நல்லதாகப் போயிற்று. ஆசேரும் அப்பாவைப் பார்த்து அப்படியே செய்தான். தாமாருக்குத்தான் பொறுமை இல்லை. கையை நனைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்துவிட்டாள்.

பாத்திமா பின்னாலேயே வந்தாள். பிள்ளையை இலை முன்னால் உட்காரவைத்தாள். "தொடாதே, அப்பா வரட்டும்" என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதே சமயம் வாசலில் ஹாரன் கேட்டது. கிறிஸ்துராஜின் வண்டி.

"உட்காந்திரு பாப்பா, இந்தா வாரேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு ஓடினாள்.

கிறிஸ்துராஜ் அவளைப் பார்த்ததும் முகம் சுருக்கினார். "நீங்களா? உங்கள யாரும்மா கூப்பிட்டது?"

"அதையும் உள்ள வந்து கேளுங்க சார். நீங்க ஒண்ணு பாக்கணும்." பாத்திமா அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் வந்தாள்.

கூடத்தில் தாமார் மென்றுகொண்டிருந்தாள். ராயப்பராஜ் பக்கத்தில் குனிந்து நின்று, "சாப்டு பாப்பா, சாப்டு" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தார்.

பாத்திமா வாசலிலேயே நின்றாள். ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைத் தட்டிவிட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கிறிஸ்துராஜ் பக்கத்தில் நிற்கிறார், ராயப்பராஜ் கரண்டியோடு நிற்கிறார், இந்த நிமிஷம் இனி வராது. ஒரு வாய் போனது போய்விட்டது என்று அவள் மனசு சொல்லிற்று. அவள் அதைக் கேட்டாள்.

"அண்ணே, இது என்ன சோறுன்னு சாருக்கு ஒரு தடவ சொல்லுங்க."

"வெஜிடபிள் ரைஸ் சார்" என்றார் ராயப்பராஜ்.

"கறி?"

"என்னம்மா கேள்வி இது? கறியாவது ஒண்ணாவது. சத்தியமா இல்ல சார்."

தாமார் இரண்டாவது வாய் எடுத்தாள். பின்கட்டிலிருந்து ஏலியும் ரூத்தும் பையனும் ஈரக்கையோடு வந்தார்கள். பாத்திமா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாய், ராயப்பண்ணே ஆபீசுக்குப் புதுச் சட்டியில என்ன குடுத்து விட்டீங்க?"

"குஸ்காம்மா" என்றார் சேக் பரீது, சூதுவாது தெரியாத மனுஷன். "காலையில போட்ட மட்டன் பிரியாணி தம்முல இருந்து எடுத்தது. பீஸு வேணாம்னாரு, நானே பாத்துப் பாத்துப் பொறுக்கிட்டேன். ஏன், பீஸு எதுவும் கெடக்குதா?"

பாத்திமா அதை இங்கிலீஷில் சொன்னாள். மட்டன் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ரூத் பாய்ந்து மகளின் கையைப் பிடித்தாள். ஏலி சட்டியையும் ராயப்பராஜையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய் குடும்பம்னு நெனச்சேன் சார்! கோஷான்னுல்ல சொன்னீங்க! ஆட்டுக்கறிதான சார், தப்பான கறி ஒண்ணும் இல்லையே!" ராயப்பராஜுக்கு வாய் குழறியது.

"கோஷர்னு சொன்னேன்யா" என்றார் கிறிஸ்துராஜ். "அதை விடு. கறியே வேணாம்னு அவரு சொன்னாரா இல்லையா? இப்ப என் மூஞ்சிக்கு நேரா சத்தியம் பண்ணினியே, அது என்ன சத்தியம்? இனி என் கெஸ்ட் ஒருத்தன் உன் வாசல் மிதிக்க மாட்டான்."

ராயப்பராஜ் விழுந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே ஏலியின் காலடியில் மடங்கினார். ஏலி பதறிப் பின்வாங்கினார். பாத்திமா கண் இமைக்காமல் பார்த்தாள். அதே சிமெண்டுத் தரை. அவருடைய வழுக்கையில் வேர்வை பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. இரண்டு வருஷமாகப் பசித்துக் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் வயிறாரச் சாப்பிட்டது. இனித்தது. பொய் சொல்வானேன், அப்படி இனித்தது.

"சார், அன்னைக்கு அந்தச் சாம்பாரும் இவருதான்" என்றாள்.

கிறிஸ்துராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் வெட்கம் தெரிந்தது. "தப்புப் பண்ணிட்டேம்மா. அடுத்த வாரத்துல இருந்து நம்ம கெஸ்ட்ட நீங்களே…"

அவர் முடிப்பதற்குள் தாமாரின் குரல் எழுந்தது. ரூத் அவள் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெரியவர்கள் முகங்களைப் பார்த்து மிரண்டு போயிருந்தது. "அப்பா, நான் தப்புச் செய்துவிட்டேனா?" என்று இங்கிலீஷில் கேட்டது.

ஏலி மண்டியிட்டு மகளின் உயரத்துக்கு வந்தார். "இல்லை கண்ணே. உனக்குத் தெரியாதே. தெரியாமல் சாப்பிட்டால் தப்பே இல்லை."

தாமார் யோசித்தாள். ஈரமான வாயோடு, காலையிலிருந்து கைப்பிடித்து நடந்தவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

ரூத் மெதுவாகத் திரும்பினாள். பாத்திரக் கடை அவள் நினைவுக்கு வந்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "எப்போதிலிருந்து?" என்றாள்.

பொய் சொல்லலாம். இந்த நிமிஷம்தான் தெரிந்தது என்றால் நம்புகிறதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றது.

"பத்து மணியிலிருந்து" என்றாள் பாத்திமா.

ரூத் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஆசேர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கிறிஸ்துராஜ் பாதியில் நிறுத்திய பேச்சை முடிக்கவில்லை. அவர்களுடைய பெட்டி ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

ராயப்பராஜ் தரையிலிருந்து எழுந்தார். வேட்டியை உதறி இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"இவ சாப்பாட்டுல ஏமாத்துறவன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல சார்?"

இரண்டு வருஷமாக அந்தப் பேச்சுக்குப் பாத்திமா ஒரே ஒரு பதிலைத்தான் வைத்திருந்தாள். பொய் என்பதுதான் அந்தப் பதில். வாயைத் திறந்தாள். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் அதைச் சொல்லவில்லை.